மூணு வார்த்தை குறையுது

இல்ல அண்ணாச்சி, ஜன்னலோரம் நீங்களே இருங்க. எனக்கு இந்த ஓரம்தான் தோது. எந்திரிச்சு ஓடணும்னா ஓடிரலாம் பாருங்க. எங்க ஓடப் போறேன்னு கேக்காதீய. இருபது வருஷமா எங்க போனாலும் ஓரத்துலதான் உக்காருதது. பழகிட்டு.

இதே பஸ்லதான் திருச்செந்தூர் வரைக்கும் போறேன். ஆமா, தனியாத்தான். வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னைய வீட்டை விட்டு அனுப்பிட்டா. யாரா? பெண்டாட்டி எங்க இருக்கு எனக்கு? கூடப்பிறந்த தங்கச்சி. சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

நமக்கு தென்காசி பக்கம் மேலகரம். பேரு குற்றாலிங்கம். பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கு. தங்கச்சி குழல்வாய்மொழி, குழலின்னு கூப்பிடுவோம். என்னைவிடப் பதினாலு வயசு இளையவ. அவ பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் வகுப்புல வாயைச் சப்புக் கொட்டிருக்கா, தாவணியைக் கையால பிசைஞ்சிருக்கா, எந்திரிச்சு கரும்பலகையைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கா. கூப்பிட்டா பதில் இல்ல. ரெண்டு நிமிஷம். பொறவு தொப்புன்னு விழுந்துட்டா. வலிப்பு. அன்னைக்கு ஆரம்பிச்சது, மாசத்துக்கு ஆறு, ஏழு. சிலசமயம் சும்மா ரெண்டு நிமிஷம் எங்கேயோ போயிட்டு வருவா. சிலசமயம் விழுவா.

அப்பா முன்னாலேயே போயிட்டாவ. அம்மாவும் பொறவு போயிட்டாவ. நான்தான் எல்லாம். அடுப்புகிட்ட விடமாட்டேன். கிணத்துகிட்ட விடமாட்டேன். மாடிப்படி ஏற விடமாட்டேன். குளிக்கப் போனா கதவைத் தாழ் போடக்கூடாது, வெளியே நான் நின்னுக்கிட்டு, "குழலி"ம்பேன், அவ "ம்"ம்பா. "குழலி." "ம்." ஒரு வாளித் தண்ணி தீருததுக்குள்ள இருபது தடவை. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வச்சேன் அண்ணாச்சி, என்ன தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிஷம், முன்னால என்ன சாப்பிட்டா. டாக்டர்மாரே அசந்து போவாங்க.

எனக்கு அதுல ஒரு குறையும் கிடையாது, கேட்டுக்கிடுங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக் கூப்பிடுவாவ. "குழலியைத் தனியா விட்டுட்டு எப்படி வர?"ன்னு சொல்லிருவேன். சாவு, துட்டி வீடுன்னாலும் அதான். எங்க ஹெட்மாஸ்டர் பெரிய ஆபீசுக்குப் பதவி உயர்வுல போறியான்னு கேட்டாரு, அதுக்கும் அதான். மதுரைக்கு மாத்தல்லா. கூடப் படிச்ச சைலப்பன் உடன்குடியில கருப்பட்டி வியாபாரம் பாக்கான், வருஷா வருஷம், "ஏல, ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போல"ம்பான். எங்க போக?

இந்தா, ஆலங்குளம் வந்துட்டு. இந்த ஊர்லதான் எனக்கு ஒரு பொண்ணு பாத்தாவ. நல்ல பொண்ணு. காப்பி கொண்டுவந்து குடுத்துட்டு எதிர்க்க உக்காந்துட்டா. ஏதாவது பேசணும்லா? நான் காலி டம்ளரையே உருட்டிக்கிட்டிருந்தேன். "குழலி வீட்ல தனியா இருக்கா"ன்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன். அதோட முடிஞ்சு போச்சு. தியாகம்னு ஊர்ல எல்லாரும் சொன்னாவ. நான் சொல்லல, அவங்க சொன்னாவ.

இப்படி நல்லபடியாப் போய்க்கிட்டிருந்த குடும்பம் அண்ணாச்சி. மூணு மருந்து மாத்தியும் கேக்கலன்னு ஒரு டாக்டர் எர்ணாகுளம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாரு. ஆஸ்பத்திரி பேரு எதுக்கு, விடுங்க. ஸ்கேன் எடுத்தாங்க. இடது காதுக்கு மேல, மூளைக்குள்ள ஒரு சின்னத் தழும்பு, அங்க இருந்துதான் கிளம்புது, அதை எடுத்துட்டா நிக்க வாய்ப்பிருக்கு, ஆனா வார்த்தை ஞாபகம் கொஞ்சம் அடிபடலாம்னு டாக்டர் இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயுமாச் சொல்லுதாரு. நான் குழலிக்குத் தமிழ்ல சொன்னேன். "தலையைத் திறக்கணுமாம், ஆபத்தாம், வேண்டாம்னு நினைக்காராம்"னு சொன்னேன்.

பொய்யில்ல அண்ணாச்சி, சுருக்கம்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? டாக்டர் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்துட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டா. மலையாளம் அவளுக்குப் புரிஞ்சிருக்கு! வீட்ல சும்மா உக்காந்து டிவி பாத்ததுல கத்துக்கிட்டிருக்கா. எனக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்கு முன்னால ஒரு பரிட்சை வைப்பாங்க, ஞாபகம் எப்படி இருக்கு, புத்தி எப்படி இருக்குன்னு. லிஜின்னு ஒரு மலையாளத்துப் பொண்ணு. மனசைப் பத்திப் படிச்ச பொண்ணு. படத்தைக் காட்டி இது என்னன்னு கேப்பா. எல்லாம் வெள்ளைக்காரன் போட்ட படம். பனிக்கட்டியில கட்டுன வீடு, நெத்தியில ஒத்தைக் கொம்பு வச்ச குதிரை. மேலகரத்துல எங்க இருக்கு கொம்பு வச்ச குதிரை? குழலி ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது பாவம், யாரோ குத்தி விட்டிருக்காங்க"ன்னா. அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு, ஆனா தப்புன்னுதான் போட்டா.

பொறவு பதினஞ்சு வார்த்தை வாசிப்பா. வாழை, கதவு, மீன், தொப்பி, இப்படி. அரை மணி நேரம் கழிச்சு எத்தனை ஞாபகம் இருக்குன்னு சொல்லணும். தமிழ்ல எழுதி வச்சு வாசிக்கா, ஆனா அவ மலையாளத்து இழுவையில வாசிச்சா தொப்பி எது தோப்பு எதுன்னு தெரியாது. அதனால நான் துணைக்கு இருந்தேன். குழலி யோசிக்கும்போது லிஜிக்குப் பின்னால நின்னு சும்மா ஒரு ஜாடை. வாழைப்பழம் உரிக்க மாதிரி. கதவு தட்ட மாதிரி. மீனுக்குக் கையை இப்படி, இப்படி. கூடப்பிறந்தவன் அதுகூடச் செய்யக்கூடாதா? குழலி பதினொண்ணு சொன்னா. பதினஞ்சுக்குப் பதினொண்ணு! லிஜி, "கொள்ளாம்"னா, நல்லாருக்குன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் வாழ்க்கைத் தரம்னு ஒரு தாள். கடைசி நாலு வாரத்துல எத்தனை நாள் உற்சாகமா இருந்தீய, எத்தனை நாள் வலிப்பு வந்துருமோன்னு பயந்தீய, வெளியே போக வர எவ்வளவு கஷ்டம்னு. அவளுக்கு எதுக்குச் சிரமம்னு எல்லாத்துக்கும் நானே சொன்னேன். நூத்துக்கு எழுபது வந்துச்சு. நல்லாத்தானே வச்சிருந்தேன்? எழுபது!

ஆபரேஷன் ஆச்சு. நான் வெளியே இருந்த இருப்பு முருகனுக்குத்தான் தெரியும். ஏழு மணி நேரம், ஒண்ணுக்குக் கூடப் போகல. தலையில கட்டோட கண்ணு முழிச்சா. நான் குனிஞ்சு, "குழலி"ன்னேன். "ம்"ன்னா. நான் அழுதுட்டேன் அண்ணாச்சி, அது என்னமோ.

இருங்க, போன் அடிக்கி. அவதான்.

"ஆமாமா, ஏறிட்டேன். ஆலங்குளம் தாண்டிட்டு... எதை? எதை எடுத்தேனா?... தொடைக்கிறதா? எதைத் தொடைக்க?... மூஞ்சியவா? துண்டா?... துண்டுன்னு சொல்லேம்மா... எடுத்திருக்கேன். நீ அடுப்பை... சரி சரி, வைக்கேன்."

கேட்டியளா? இதான் இப்போ. வலிப்பு நின்னு போச்சு. ரெண்டு வருஷமாச்சு, ஒண்ணு கூட இல்ல. மாத்திரையும் பாதியாக் குறைச்சாச்சு. ஆனா வார்த்தை நழுவிருது. துண்டு வராது, கரண்டி வராது. "அதான், கிண்டுறது"ம்பா. ஆள் தெரியும், பேரு வராது. எங்க பெரிய அத்தை ஒருத்தி, வந்தா எந்திரிக்க மாட்டா, நாலு நாள் வாய் ஓயாது. அவளை வாசல்ல பாத்துக்கிட்டே குழலி, "அண்ணே, இந்தா அவ வந்திருக்கா, அந்த... போக மாட்டாள்லா, அவ"ன்னுட்டா. அத்தை அன்னைக்கே பஸ் ஏறிட்டா.

ஒரு நாள் அழுதா. அதையும் சொல்லணும். அம்மா வைக்கிற குழம்பு ஒண்ணு, அவளுக்குப் பிடிச்சது, அதோட பேரைத் தேடுதா, தேடுதா, வரவே இல்ல. கையில அகப்பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதா. நான், "புளிக்குழம்பா? மோர்க்குழம்பா? கருவாட்டுக் குழம்பா?"ன்னு வரிசையாச் சொல்லுதேன். "நீ சொல்லாத அண்ணே, நானே தேடுதேன்"ன்னு கத்துனா. என்கிட்ட அவ கத்துனதே கிடையாது. மறுநாள் விடிஞ்சு, வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தவ, "உளுந்தங்குழம்பு!"ன்னு தெரு முழுக்கக் கேக்க மாதிரி சத்தம் போட்டா. பக்கத்து வீட்டு ஜொகரா, குழம்பு கொட்டிருச்சோன்னு ஓடியாந்துட்டா.

ஆனா பழசு மட்டும் ஒண்ணு விடாம நிக்கி அண்ணாச்சி. ஆலங்குளத்துப் பொண்ணைப் பத்திப் பேச்சு வந்துது. "அண்ணே, நீ அந்தப் பொண்ணுகிட்டப் பேசப் பயந்துக்கிட்டு என் பேரைச் சொல்லிட்டு வந்த"ங்கா. இருபது வருஷம் வலிப்பு வந்த மூளை, எப்படிக் கோணலா யோசிக்கி பாருங்க.

ஒரு வருஷம் முடிஞ்சு போனப்போ டாக்டர், இனி தண்ணியில குளிக்கலாம், கூட ஒரு ஆள் இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. சொன்னதுதான் தாமசம். பிறந்ததுல இருந்து குத்தாலத்துக்குப் பக்கத்துல இருக்கா, பதினேழு வயசுக்கு மேல அருவியில தலையைக் குடுத்ததில்ல. நான் விட்டதில்ல. ஆடி மாசம், சாரல் நல்லா அடிக்கி, ஜொகராவைக் கூட்டிக்கிட்டுப் பெரிய அருவிக்குக் கிளம்பிட்டா. நானும் பின்னாலேயே போனேன்.

அங்க பொம்பளைங்களுக்குத் தனிப் பக்கம்லா? கம்பி போட்டிருக்கும். அவ உள்ள போயிட்டா. நான் கம்பிகிட்ட நிக்கேன். தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. "குழலி"ன்னேன். பதில் இல்ல. "குழலீ!"ன்னேன். பதில் இல்ல. கம்பி மேல ஏறி எட்டிப் பாத்தேன். ஒரு போலீஸ்காரம்மா வந்து சட்டைக் காலரைப் பிடிச்சிட்டா.

"பொம்பளைங்க குளிக்கிற எடத்துல என்னய்யா எட்டிப் பாக்க?"

"அம்மா, எங்க வீட்டுப் பொண்ணுக்கு வலிப்பு..."

"உனக்கு வேற வரும் இப்போ. எறங்கு கீழ."

நோட்டை எடுத்துக் காட்டுனேன் அண்ணாச்சி. எப்பவும் பையில இருக்கும்லா. தேதி, மணி, நிமிஷம் எல்லாம் காட்டுனேன். அவ புரட்டிப் பாத்துட்டு, "பொம்பளைப் புள்ளையை நிமிஷக் கணக்குல பாத்து எழுதி வச்சிருக்கான்"னு பக்கத்துல நின்ன போலீஸ்காரர்கிட்டச் சொல்லுதா. கூட்டம் கூடிட்டு. மொட்டை போட்ட ஆளு ஒருத்தன், "அடிங்க இவனை"ங்கான். அவனுக்கு என்ன வந்துது?

அந்த நேரம் குழலி வாரா. தலையில இருந்து தண்ணி சொட்டுது, மூஞ்சி எல்லாம் சிவந்து போயி, ஒரு சிரிப்பு. பதினேழு வயசுல பாத்த மூஞ்சி அண்ணாச்சி அது. எனக்கு உயிர் வந்துது. போலீஸ்காரம்மா அவகிட்டக் கேக்கா, "ஏம்மா, இந்த ஆளு உனக்கு யாரு?"

குழலி என்னையப் பாத்தா. வாயைத் திறந்தா. "இவரு... எங்க..."ன்னா. நின்னுட்டா. "எங்க... அதான்..."ங்கா. கண்ணை மூடிக்கிட்டு யோசிக்கா. கூட்டமே அவ வாயைப் பாக்கு. "அண்ணன்னு சொல்லு குழலி"ன்னு நான் கத்துதேன். "நீ சொல்லிக் குடுக்காத, வாயை மூடு"ன்னு போலீஸ்காரம்மா ஒரு அதட்டுப் போட்டா. அரை நிமிஷம் இருக்கும். நோட்டுல எழுதுன எந்த நிமிஷமும் அவ்வளவு நீளம் கிடையாது. பொறவு நிதானமா, "அண்ணன்"ன்னா. ஜொகரா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுக் குலுங்குதா.

நிசமாவே வார்த்தை வரலியா, வேணும்னு செஞ்சாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா, "ஆபரேஷன்லா அண்ணே"ங்கா.

சரி, கதைக்கு வாரேன். போன மாசம் ரெண்டு வருஷப் பரிசோதனை. அதே லிஜி. இந்தத் தடவை அந்தப் பொண்ணு நல்லாத் தமிழ் பழகிருக்கா. படமும் மாத்திட்டாங்க. கொம்புக் குதிரை இல்ல. முறம், அம்மி, பம்பரம், எல்லாம் நம்ம வீட்டுச் சாமான். நான் வழக்கம்போல லிஜிக்குப் பின்னால போய் நின்னேன். அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்து, "சேட்டா, நீங்க கொஞ்சம் வெளியே இருக்கணும் கேட்டோ"ன்னா.

"நான் எதுக்கு வெளியே? இருபது வருஷமா அவளுக்குப் பதில் சொன்னவன் நான்."

"அதுக்குத்தான்"னா.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சுட்டாங்க. ஒரு மணி நேரம். பொறவு கூப்பிட்டு மார்க்கைச் சொல்லுதாங்க. வார்த்தை ஞாபகம் எட்டு. பதினொண்ணு இருந்த இடத்துல எட்டு! வாழ்க்கைத் தரம் நூத்துக்கு எம்பத்தி மூணாம். எனக்குக் கோவம் வந்துட்டு. மேஜையைத் தட்டிக் கேட்டேன்.

"மூணு வார்த்தை குறையுது, எங்க போச்சு? ஆபரேஷன் பண்ணி எடுத்தது நீங்க. மூணு வார்த்தையைக் காணோம், இதுல வாழ்க்கைத் தரம் எப்படி ஏறும்? உங்க கணக்கே தப்பு."

லிஜி தாளைப் புரட்டுதா. குழலிதான் சொன்னா. "அண்ணே, எனக்கு அப்பவும் ஏழோ எட்டோதான். மீதி நீ காட்டுன ஜாடை. பேரெல்லாம் நழுவுதது நிசம், அது ஆபரேஷன்ல போனது, அதை நான் ஒத்துக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இந்த மூணு வார்த்தை என்னோடது இல்ல, உன்னோடது."

"அப்போ அந்த எழுபது?"

"அதுவும் உன்னோடதுதான். என்னையக் கேட்டிருந்தா இருபது கூடத் தேறிருக்காது."

இருபதாம்! நான் என்ன குறை வச்சேன் அண்ணாச்சி? நீங்க சொல்லுங்க. சொல்ல வேண்டாம், கேளுங்க.

எனக்கு ரோசம் வந்து, "வார்த்தை ஞாபகம்னா என்னன்னு நான் காட்டுதேன், எனக்கு வாசி"ன்னு லிஜிகிட்டச் சொன்னேன். அந்தப் பொண்ணும் சிரிச்சுக்கிட்டே வாசிச்சா. அரை மணி கழிச்சுக் கேட்டா. எனக்கு அஞ்சு வந்துது. மின்விசிறிச் சத்தம் ஜாஸ்தி அந்த ரூம்ல. அதுவும் போக, காலையில இருந்து சாப்பிடல.

அத்தோட விட்டிருக்கலாம். அந்த வாழ்க்கைத் தரத் தாளையும் எடுத்துட்டா. "சேட்டன் கடைசி நாலு வாரத்துல எத்தனை நாள் மனசுக்குப் பிடிச்ச எடத்துக்குப் போனீங்க?"ங்கா. "எத்தனை பேரோட உக்காந்து சும்மா பேசுனீங்க? வேலை ஒண்ணும் இல்லேன்னா என்ன செய்வீங்க? எதைப் பத்தி பயப்படுவீங்க?" இப்படி. சுலபமான கேள்விதான். குழலிக்கு எல்லாத்துக்கும் டக்குடக்குன்னு சொன்னவன்லா நான்? எனக்குன்னு கேட்டா ஒண்ணும் வரல. திரும்பிக் குழலியைப் பாத்தேன். அவ சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டு நிக்கா. ஒரு ஜாடை, ஒண்ணே ஒண்ணு காட்டலாம்லா? காட்டல.

எனக்கு எவ்வளவு மார்க்குன்னு அந்தப் பொண்ணு சொல்லல அண்ணாச்சி. தாளை மடிச்சு மேஜைக்குள்ள வச்சுக்கிட்டா. "சாயா குடிச்சிட்டுப் போங்க சேட்டா"ன்னா.

இப்போ விஷயத்துக்கு வாரேன். குழலி பிளஸ் டூ தனித்தேர்வு எழுதுதா. அந்த வயசுல விட்டதை முப்பத்தொம்பது வயசுல எழுதப் போறாளாம். வர்ற வியாழக்கிழமை முதல் பரிட்சை. பேரு மறக்குதவளுக்கு வரலாறு! சுவரெல்லாம் தாள் ஒட்டி வச்சிருக்கா, அடுப்பங்கரையில அசோகர், கண்ணாடி மேல அக்பரு. நான் உதவிக்குத்தான் உக்காந்தேன். கேள்வியை வாசிப்பேன், அவ கண்ணை மூடிக்கிட்டுத் தேடுவா, அவ தேடுததைப் பாக்க எனக்குப் பொறுக்காது, பதிலைச் சொல்லிருவேன். நாலு நாள் பாத்தா. அஞ்சாவது நாள் பையில என் துணியெல்லாம் மடிச்சு வச்சு, சைலப்பனுக்கு அவளே போனும் பண்ணிட்டா.

"அண்ணே, பரிட்சை முடியுற வரைக்கும் உடன்குடியில இரு."

"உன்னையத் தனியா விட்டுட்டா?"

"ஜொகரா அக்கா ராத்திரி வந்து படுத்துக்கிடுவாங்க. நீ பக்கத்துல இருந்தா எனக்கு வர வேண்டியது வரமாட்டேங்கு."

பரிட்சை ஹால் வாசல்ல மட்டுமாவது நிக்கேனேன்னு கேட்டேன். சத்தம் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனேன். மாட்டேன்னுட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஏத்தி விட்டுட்டு, கையைக் காட்டிட்டு, பஸ் கிளம்புததுக்கு முன்னாலேயே திரும்பிப் போயிட்டா. திரும்பிப் பாக்கவே இல்ல. நேரா நடந்து போறா, ரோட்டைத் தாண்டுதா, ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டுதா. நல்லாத்தான் தாண்டுனா.

இது என்ன ஊரு, குரும்பூரா? காத்து மாறிட்டு. சைலப்பன் சாயங்காலம்தான் திருச்செந்தூருக்கு வண்டி கொண்டு வருவான். அதுவரைக்கும் கோயிலுக்குப் போ, கடல்ல குளின்னான். கடலைப் பாத்திருக்கேன் அண்ணாச்சி, கோயில் படியில குழலி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்திருக்கேன். எறங்குனதில்ல. செருப்பை எங்க விடுவாங்க? போனை யார்கிட்டக் குடுக்க? அலை வரும்போது நிக்கணுமா, உக்காரணுமா? சிரிக்காதீய.

நீங்களும் திருச்செந்தூர்தானா? அவசரம் ஒண்ணும் இல்லியே? அப்போ ஒரு பத்து நிமிஷம் வாரீயளா? நீங்க எறங்க வேண்டாம். போனை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, கரையில சும்மா நின்னாப் போதும்.